உஷார்! கடிபட்ட கோழி வாயில் கஞ்சி ஊற்றாதீர்கள்

தொண்டூர்ப் பக்கம் வீட்டுக்கோழி வளர்க்கிறவர்களே, கையில் பாலாடை இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள்.

நாய் கவ்விய கோழியைக் கல்லெறிந்து மீட்டாயிற்று. அது மூலையில் ஒடுங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறக்கிறது. நொய்யைப் போட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. "வயிறு காஞ்சே செத்துடும்மா, அலகைப் பிரி, ரெண்டு மடக்கு கஞ்சி ஊத்தலாம்" என்கிறார் மாமியார். "சரி அத்தே" என்று மருமகள் பிடிக்கிறாள். கஞ்சி போகிறது. கோழி கழுத்தை உதறுகிறது, மூச்சு கொறகொறக்கிறது, கால் நீட்டிவிடுகிறது. நாய் கடித்துச் செத்தது என்றுதான் தெரு பேசும். கொன்றது கஞ்சி.

கோழியின் அலகைப் பிரித்து உள்ளே பாருங்கள். நாக்கின் பின்புறம் சின்னப் பிளவு ஒன்று திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல் வாய். விழுங்கும்போது அதை மூடிக்கொள்ள நமக்கு ஒரு மூடி உண்டு, கோழிக்குக் கிடையாது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் கஞ்சி நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு வேளை தீனி எடுக்காததால் கோழி சாகாது. அதிர்ச்சியும் குளிரும்தான் அதைச் சாகடிக்கும். அதன் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல்; நடுங்கும் கோழிக்கு இரை செரிக்காது. அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, அரைவெளிச்சத்தில், சத்தமில்லாத இடத்தில் தனியே வையுங்கள். மற்ற கோழிகளோடு விட்டால் ரத்தச் சிவப்பைக் கண்டு கொத்தியே தீர்த்துவிடும். ஒரு தம்ளர் தண்ணீரில் துளி வெல்லம், சிட்டிகை உப்பு கலந்து, விரலில் தொட்டு அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது தானாக விழுங்கினால்தான் அடுத்த சொட்டு.

இனி காயம். மேலே இரண்டு இறகு பிய்ந்ததுபோலத்தான் தெரியும். இறக்கைக்கு அடியிலும் முதுகிலும் இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். பல் இறங்கிய துளைகள் அங்கே இருக்கும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவுங்கள். துளைக்குள் மஞ்சளையும் சாம்பலையும் அடைக்காதீர்கள். சீழ் உள்ளேயே புரையோடும். ஈ மொய்க்க விடவே கூடாது. இன்று ஈ முட்டையிட்டால் நாளைக்கே புழு நெளியும்.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறீர்களா? அதற்கும் உஷார். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை ஊசியில் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்றுதான் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தரக்கூடாது என்று அரசு தடை போட்டது. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

மறுநாள் காலை தீவனம் வைக்குமுன் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். காலியாக இருந்தால் சரி. ஊறவைத்த நொய், வெந்த முட்டையின் மஞ்சள் கரு, நாலு கரையான் என்று முன்னால் வையுங்கள். கரையான் நெளிவதைக் கண்டால் பாதிக் கோழி கண் திறந்துவிடும். பை கல்லாக இறுகியிருந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ, ஒரு பகல் ஓர் இரவு தாண்டியும் தண்ணீரைத் தொடாவிட்டாலோ காத்திராதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள், அல்லது 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் தின்னக்கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிபடாத கோழிகளும் கூடவே தூங்கி வழிந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தை முறுக்கினால் விஷயமே வேறு. அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். காயத்தைப் பார்த்துக்கொண்டே பட்டியையே இழந்துவிடாதீர்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை போடும் தடுப்பூசி முகாமைத் தவறவிடாமல் இருப்பதுதான் அதற்கு வழி.

கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பொழுது சாயுமுன் கூண்டின் கதவைப் பாருங்கள். ருசி கண்ட நாய் இன்று ராத்திரியும் வரும்.