தீவிர நோயாளருக்கான நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தளவும் குருதிச் செறிவுக் கண்காணிப்பும்

முன்னுரை

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளின் வழக்கமான அளவுகள் பெரும்பாலும் உடல்நிலை அவ்வளவாகச் சீர்குலையாதோரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளின் அடிப்படையில் வகுக்கப்பட்டவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே அளவு ஒருவருக்குப் போதாமலும் மற்றொருவருக்கு நச்சாகவும் அமையக்கூடும். இதற்கான காரணங்களையும், குருதிச் செறிவை அளந்து மருந்தளவைத் திருத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உடலியல் மாற்றங்கள்

செப்சிஸ் நிலையில் நுண்குழாய்களிலிருந்து நீர்மம் கசிகிறது. சிரைவழியாகவும் நீர்மம் மிகுதியாகச் செலுத்தப்படுகிறது. ஆதலால் நீரில் கரையும் மருந்துகள் பரவும் கொள்ளளவு பெருகி, குருதியில் அவற்றின் செறிவு தாழ்கிறது. சிறுநீரகம் பழுதுற்றால் மருந்து தேங்கும். மாறாக, இளவயதினர், விபத்தில் காயமுற்றோர் ஆகியோருள் சிலரிடம் கிரியேட்டினின் நீக்கம் நிமிடத்திற்கு 130 மில்லிலிட்டரைக் கடக்கும். மருந்து விரைந்து வெளியேறும். இவர்களது குருதிக் கிரியேட்டினின் அளவு இயல்பாகவே தோன்றுவதால் மருந்துக் குறைபாடு எளிதில் புலப்படுவதில்லை.

மருந்துவகையும் இலக்கும்

பீட்டா-லாக்டம் மருந்துகளின் செறிவு, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவுக்கு மேல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முதன்மையானது. அமினோகிளைக்கோசைடுகளுக்கு உச்சச் செறிவு அந்த அளவைப்போல் 8 முதல் 10 மடங்கு வரை இருத்தல் வேண்டும். வான்கோமைசினுக்கு 24 மணிநேரச் செறிவு வளைவின் கீழுள்ள பரப்பே அளவுகோல். சிறுநீரகப் பாதிப்பைக் கருத்தில் கொண்டு, அடிநிலைச் செறிவை மட்டும் நோக்கும் பழைய முறையைக் கைவிடுமாறு 2020ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல் பரிந்துரைத்தது.

சான்றுகள்

10 நாடுகளின் 68 மருத்துவமனைகளில் நடைபெற்று 2014இல் வெளியான டாலி ஆய்வில், தொற்றுக்காகப் பீட்டா-லாக்டம் பெற்றோருள் 16 விழுக்காட்டினர் குறைந்தபட்ச இலக்கையும் எட்டவில்லை. அவர்களிடம் சிகிச்சைப் பலனும் குறைந்திருந்தது. எனினும், செறிவை அளந்து பைப்பெராசிலின் அளவைத் திருத்திய ஜெர்மானிய டார்கெட் ஆய்வில் (2022) இலக்கை எட்டியோர் மிகுந்தபோதும் உறுப்புச் செயலிழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இலக்கை எட்டுவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

கண்காணிப்பின் பயன், முடிவு கிடைக்கும் விரைவைப் பொறுத்தது. தொற்றின் தொடக்க நாள்களே உயிரைத் தீர்மானிப்பவை. தாமதமாக வரும் முடிவு அந்நாள்களுக்கு உதவாது. எனவே முதல் வேளை மருந்தைச் சிறுநீரகச் செயலிழப்பு கருதிக் குறைத்தல் தகாது. அதனைத் தீர்மானிப்பது பரவும் கொள்ளளவே. அடுத்தடுத்த வேளைகளுக்கே நீக்கத் திறனும் அளந்தறிந்த செறிவும் வழிகாட்டும்.