தேவாரத் தலப்படமும் பதிகத்துள் வரும் ஊர்ப்பெயரும்

தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் எருத்தேன்பதி, பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. பாடல்பெற்ற தலங்களைக் குறித்த நிலப்படத்தில் இவ்வூரைச் சுற்றி வெற்றிடமே தோன்றும். கிழக்கே கொங்குநாட்டுத் தலங்கள் ஏழு. மேற்கே கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களம். இடையில் ஒரு புள்ளியும் இல்லை. இவ்வெற்றிடம் பாடல்களால் அமைந்ததா, படம் வரைந்த முறையால் அமைந்ததா என்பது ஆராயத்தக்கது.

புதுச்சேரியில் 2007இல் வெளிவந்த 'கணினித் தேவாரம்' என்னும் குறுந்தட்டு, மூலபாடம், வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கம், சொல்லடைவு, இசைப்பதிவு, நிலப்படம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்தது. இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஏழாந் திருமுறையில் திருமுருகன்பூண்டிப் பதிகம் 49ஆவது. அவிநாசிப் பதிகம் 92ஆவது. நிலத்தில் அண்டையில் உள்ள இவ்விரண்டையும் பண்முறை பிரித்துவிட்டது. தலமுறைப் பதிப்பு அவற்றைச் சேர்க்கும்; ஆனால் பண்ணைப் பிரிக்கும். அச்சு நூல் ஒரு வரிசையையே தரவல்லது. கணினியிலோ படிப்பவர் வேண்டும்போது வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

எனினும், பதிகத்திற்கு ஒரு தலம் எனக் கொண்டு வரையும் எப்படமும் ஒன்றை மறைத்துவிடுகிறது. கோயமுத்தூரை அடுத்த பேரூருக்குத் தனிப் பதிகம் இல்லை, அது வைப்புத்தலம். சுந்தரர் அதனைக் குறிப்பதோ தில்லைப் பதிகத்தில் (7.90). ஆகவே அக்குறிப்பு தில்லைப் புள்ளிக்குள் அடங்கிவிடும்; எருத்தேன்பதிக்கு அண்மையில் தோன்ற வேண்டிய புள்ளி தோன்றாது. படத்தை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இதனை எவ்வாறு அறிவார்?

சொல்லடைவைத் தேடினால் போதும் என்பார் உளர். அதுவும் முழுத்தீர்வு அன்று. 'பேரூர்' என்பது இயற்பெயராகவும் வரும்; 'பெரிய ஊர்' என்னும் பொதுப்பெயராகவும் வரும். எழுத்துருவை மட்டும் ஒப்பிடும் கணினி இரண்டையும் ஒன்றாகவே திரட்டும். தில்லைப் பதிகத்தில் மேலைக் கொங்கைச் சுட்டும் அடைமொழி உடன் வருதலால் ஊர் தெளிவாகிறது. அடைமொழியில்லாத இடங்களை ஒவ்வொன்றாகப் படித்தே முடிவு செய்தல் வேண்டும். இப்பணி இலக்கணப் பயிற்சி உடையாரது. வரைபடக் கலைஞரிடம் விடத்தக்கது அன்று என்பது என் கருத்து.

பாடப்பெற்ற தலத்திற்கு நிறைபுள்ளியும், பாடலுள் சுட்டப்பெற்ற ஊருக்கு வெறுவட்டமும் இட்டு, வட்டத்தைத் தொட்டவுடன் அவ்வூரைச் சுட்டும் அடியும் அப்பதிகத்திற்குரிய தலமும் தோன்றச் செய்யலாம். ஐயத்திற்குரிய இடங்களுக்கு மூன்றாவது குறி வேண்டும். அவ்வாறு அமைந்த படத்தில் பேரூர் நொய்யற்கரையில் வெறுவட்டமாகத் தோன்றும்; அதனைத் தொட்டால் தில்லைப் பதிகம் விரியும்.