உலைக்கு முன் ஒரு பிடி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் ஸ்தோத்திரப் பண்டிகை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏலம்தான். ஆராதனை முடிந்ததும், படைத்த பொருள்களெல்லாம் கோயில் முற்றத்துக்கு வரும். வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல். ஏலம் கூறுகிறவர் ஒரு நாட்டுக்கோழி முட்டையைத் தூக்கிக் காட்டுவார். நூறு ரூபாயில் ஆரம்பித்து மடமடவென்று ஏறும். “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, “சபைக்கே இருக்கட்டும்யா, மறுபடி கூறுங்க” என்பார். அதே முட்டை இன்னொரு சுற்று போகும்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதில் கொஞ்சம் வீம்பும் உண்டு. மும்பையிலோ வளைகுடாவிலோ சம்பாதித்துவிட்டு ஊருக்கு வந்தவர்கள் இரண்டு பேர் ஒரே வாழைத்தாருக்கு மல்லுக்கட்டும்போது அது தெரிந்துவிடும். பண்டிகையின் உயிர் அங்கே இல்லை என்பது என் எண்ணம். அது கூட்டத்தில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத அரிசிப் பையில் இருக்கிறது.

கைப்பிடி அரிசி என்பார்கள். சோறு பொங்க அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள் வீட்டுப் பெண்கள். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அளந்து வைத்த அரிசியிலிருந்துதான் அந்தப் பிடி போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து பேருக்கு அளந்ததில் ஒரு பிடி குறையும். மீந்த சோற்றைக் கொடுப்பதற்கும் இதற்கும் வெகுதூரம். நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்று தெரியாத வீட்டிலும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இன்றைய அரிசியில் கை வைத்தார்கள். நம்பிக்கை வேறு, நன்றி வேறு என்று அங்கே பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே கையசைவு.

இதற்கு வேதத்தில் முன்மாதிரி தேடினால் சாறிபாத் ஊர் விதவையிடம்தான் போய் நிற்போம். கடும் பஞ்சம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அடை சுட்டு மகனோடு தின்றுவிட்டுச் சாகலாம் என்றிருந்தவளிடம், எனக்கு முதலில் கொடு என்று கேட்கிறார் எலியா தீர்க்கதரிசி. அவளும் கொடுக்கிறாள். பிரசங்கிமார் மாவு குறையாத அற்புதத்தை நீட்டி முழக்குவார்கள். அவள் பணக்காரியானாள் என்று கதையில் எங்கும் இல்லை என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. மழை பெய்கிற நாள் வரைக்கும் பானை வற்றவில்லை, அவ்வளவுதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னாவும் அப்படியே. அன்றன்றைக்குப் போதுமானது கிடைத்தது. நாளைக்கென்று பதுக்கியது புழுத்துப் போனது.

தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ். அசரியா இந்தப் பிடி அரிசியின் பலத்தை நன்றாக அறிந்தவர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதன் முன்னோடிகளில் அவர் ஒருவர். சீமைப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஆட்களை நம் காசில் அனுப்புவோம் என்பதே சங்கத்தின் ஏற்பாடு. ஏழைச் சபைகளால் இது ஆகிற காரியமா என்று கேட்கத் தோன்றும். ஆயிற்று. அசரியாவே நிஜாம் சமஸ்தானத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரும் ஆனார். அவருடைய சபையாரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பது இரக்கமில்லாத செயலாகப் படலாம். அசரியா வேறு மாதிரி நினைத்தார். காலமெல்லாம் கை நீட்டி வாங்கவே வைக்கப்பட்டவர்களுக்கு, கொடுக்கிற இடத்தில் நிற்பதும் ஒரு விடுதலை. காணிக்கை பற்றி அவர் தனி நூலே எழுதியிருக்கிறார்.

மிசோரம் பெண்களும் 1910-ல் இதே கைப்பிடி அரிசிப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழிந்து பஞ்சம் வந்தது. பழக்கம் நிற்கவில்லை. இன்றும் அங்கே திருச்சபைக்கு அந்தப் பிடி அரிசி ஒரு முக்கிய வருமானம்.

தேவன் தருவார் என்று நம்புவதற்கு உதாரணமாக நம் மேடைகளில் அடிக்கடி வருகிற பெயர் ஜார்ஜ் முல்லர். பிரிஸ்டலில் அவர் கட்டிய ஐந்து அநாதை இல்லங்களில், 1870 வாக்கில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. யாரிடமும் போய்ப் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டுமே கேட்பது என்பது அவர் வைராக்கியம். இதைச் சொல்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வந்த காசு ஒவ்வொன்றையும் முல்லர் எழுதி வைத்தார். ஆண்டறிக்கையாக அச்சிட்டு ஊரறிய வெளியிட்டார். கொடுத்தவர் பெயரை மறைத்தார், கணக்கை மறைக்கவில்லை. ஆண்டவர் அனுப்பியது என்று உண்மையாகவே நம்புகிறவனுக்குத்தான் அதை இப்படி எண்ணி வைக்கத் தோன்றும்.

இப்போது தொலைக்காட்சியைத் திறந்தால் வேறு பாஷை கேட்கிறது. ஆயிரம் விதையுங்கள், லட்சமாக அறுப்பீர்கள் என்கிறார்கள். திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண் ஓடுகிறது. இதற்குப் பெயர் காணிக்கை இல்லை, முதலீடு. அதுவும் கணக்குக் காட்டாத முதலீடு. பெருகும் என்று கொடுத்தவனுக்குப் பெருகாவிட்டால், “உமக்கு விசுவாசம் குறைவு” என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். கைப்பிடி அரிசி போட்டவள் பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. இன்றைக்கு உலை வைக்க அரிசி இருந்ததே, அதற்குத்தான் அந்தப் பிடி.

குக்கரும் இரண்டு வேலைச் சம்பளமும் வந்துவிட்ட பல வீடுகளில் கலயம் இப்போது இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கவரில் பணம் வைத்துக் கொடுப்பது சுலபம்தான். தினமும் நினைத்துக்கொள்ள அதில் வழியில்லை. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஏலத்தில் கேளுங்கள், அசன விருந்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். திரும்பி வந்து அடுக்களையில் ஒரு டப்பாவையும் ஒதுக்கி வையுங்கள். சேகரக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த அரிசி எத்தனை கிலோ வந்தது, யார் வீட்டு அடுப்புக்குப் போனது என்று கோயில் பலகையில் மாதந்தோறும் எழுதிப் போடுங்கள்.