ஓய்வு ஏழே மாதம்: பேராயர் கால்டுவெல்

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சிலைகளுள் ஒன்று பேராயர் இராபர்ட்டு கால்டுவெல்லுடையது. அயர்லாந்தில் 1814இல் பிறந்தவருக்குத் தமிழ் மாநாட்டில் சிலை எவ்வாறு கிடைத்தது?

1838இல் இலண்டன் மிஷன் தொண்டராகச் சென்னை வந்தவர், 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து நெல்லைக்குப் புறப்பட்டார். பயணம் பெரும்பாலும் கால்நடையாகவே. நேர்வழியை விட்டு நம் பக்கத்து நீலகிரியையும் ஏறி இறங்கினார். அதன்பின் இடையன்குடி என்னும் சிற்றூரே அவர் ஊராயிற்று. 1877இல் துணைப் பேராயரானார். 1891 சனவரியில் ஓய்வு; ஆகஸ்டில் கொடைக்கானலில் மறைவு. இடையன்குடிக் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பதவியைவிட அவருக்குப் பெயர் தந்தது 1856இல் வெளிவந்த 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்'. தமிழ் வடமொழியின் கிளை என்று பலர் எண்ணியிருந்த காலம். 1816இலேயே எல்லிஸ் என்பவர் அதை மறுத்திருந்தார். விரிவாக நிறுவியவர் கால்டுவெல்.

முறை எளிது. நம் உக்கடத்தில் அரை மணி நேரம் நின்றால் நான்கு மொழிகள் காதில் விழும். நாம் 'மூன்று' என்போம். கன்னடர் 'மூரு', தெலுங்கர் 'மூடு', மலையாளத்தார் 'மூன்னு' என்பர். வடமொழியிலோ 'த்ரி'. பொதுச் சொற்களைக் கடன் வாங்கலாம். 'பஸ்' என்று சொல்வதால் தமிழ் ஆங்கிலக் குடும்பத்தில் சேர்ந்துவிடாது. எண்ணுப் பெயர், நான், நீ, வேற்றுமை உருபு ஆகியவை எளிதில் கைமாறுவதில்லை. விலங்கியல் நண்பர்களுக்கு விளக்கவும் வேண்டுமா? சிறகு இருப்பதற்காக வௌவாலைப் பறவையோடு நாம் சேர்ப்பதில்லையே!

குறைகளும் உண்டு. தமிழ் இலக்கியத்தின் பழமையை அவர் மிகவும் பின்தள்ளிக் கணித்தார். அதைப் பெரிய குற்றமென்று சொல்லமாட்டேன். உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டதே 1894இல்தான்.

மன்னிக்க எளிதல்லாதது வேறொன்று. நாடார் மக்களைப் பற்றி 1849இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில், அவர்களை வந்தேறிகள் என்றும் அறிவு மந்தமானவர் என்றும் எழுதினார். யாருக்காக உழைத்தாரோ அவர்களைப் பற்றியே! மிஷன் பள்ளிகளில் படித்து வந்தவர்களே அதைப் படித்து வெகுண்டார்கள், எழுத்திலே மறுத்தார்கள். நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தன்னைப் பற்றி அச்சில் வந்த இழிவைத் தானே படிக்க நேர்ந்த அந்த முதல் தலைமுறையின் மனம் எனக்கு ஓரளவு புரிகிறது. ஒப்பிலக்கணத்தைப் போற்றுவோர் இந்த நூலை மறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடன்று.

மறைத்தல் ஒப்பிலக்கணத்துக்கும் நேர்ந்தது. 1875இன் இரண்டாம் பதிப்பில் நீலகிரித் தோடர் திராவிடரா, பறையர் திராவிடரா என்று ஆராய்ந்து, ஆம் என்றே விடை கூறியிருந்தார். அவர் மறைந்தபின் 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில் இவை நீக்கப்பட்டன. 2008இல் கவிதாசரண் வெளியிட்ட பதிப்பில்தான் அவை மீண்டும் இடம்பெற்றன.