கிராமத்தை நாடி வரும் பஸ்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. மும்பையிலிருந்தோ டில்லியிலிருந்தோ புறப்பட்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ரயில் கடத்திவிடுகிறது. ஜங்ஷனிலிருந்து தாலுகா ஊர் வரையில் பஸ் கிடைத்துவிடுகிறது. அதன்பின் எஞ்சுவது நாலைந்து கிலோமீட்டர்தான். முழுப் பிரயாணத்திலும் கடினமான பகுதி அதுவே. வருஷத்துக்கு ஒரு முறை செல்லும் நாம் ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் மாதந்தோறும் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் சென்று திரும்ப வேண்டிய நம் தாய் தந்தையர் என்ன செய்கிறார்கள்? நாம் குடியேறி வாழும் மாநிலங்களிலும், நகரத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்று பார்த்தால், அங்குள்ள முதியோரும் இதே கேள்வியுடன் சாலையோரத்தில் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் 1 கோடியே 86 லட்சம் பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். அறுபது வயதைக் கடந்தோர் அதே கணக்கில் 10 கோடிக்கும் அதிகம். இவர்களோடு கருவுற்ற பெண்களையும், கைக்குழந்தையுடன் செல்லும் தாய்மாரையும், கால் முறிந்து சில மாதங்கள் கோலூன்றி நடப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடமாட்டம் குறைந்தவர்கள் என்று நாம் சொல்வது இவர்கள் அனைவரையுமே. இன்று அந்தக் கூட்டத்தில் இல்லாதவரும் ஒரு நாள் அதில் சேரத்தான் போகிறார்.

கிராமங்களுக்குச் சாலையே இல்லை என்று சொல்லும் நிலை இப்போது பெரும்பாலும் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலைப்பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சாலை அமைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. சாலை வந்தது, பஸ் அதைத் தொடர்ந்து எல்லா இடங்களுக்கும் வந்துவிடவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணத்தை டில்லி 2019-இலும், தமிழ்நாடு 2021-இலும், கர்நாடகம் 2023-இலும் தொடங்கின. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பஸ்ஸே வராத ஊரில் இலவச டிக்கெட்டால் பயன் ஏது?

பஸ் வராததற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமன்று. ஐம்பது பேர் அமரும் வண்டி ஒன்று, நாளெல்லாம் பத்துப் பேர் மட்டுமே ஏறும் கிளைச் சாலைக்குள் சென்று திரும்பினால் நஷ்டம் உண்டாகும். அதற்குப் பயந்து சேவையைக் குறைத்தால், இருக்கும் பத்துப் பேரும் வேறு வழி தேடிக்கொள்வர். நஷ்டம் மேலும் கூடும். இச்சுழலிலிருந்து வெளிவருவதற்குப் பல நாடுகள் கைக்கொண்ட உபாயமே நெகிழ்வான போக்குவரத்து என்பது. பஸ்ஸின் வழியையும் நேரத்தையும் முன்கூட்டியே முற்றாக வகுத்துவிடாமல், ஒரு பகுதியைப் பிரயாணிகளின் தேவைக்கேற்ப அன்றன்று தீர்மானிப்பது இதன் சாரம்.

இதில் மூன்று வகைகள் உண்டு. முதலாவது, குறித்த வழியில் குறித்த நேரத்துக்குச் செல்லும் பஸ், முன்பதிவு இருந்தால் மட்டும் கிளைச் சாலைக்குள் சென்று மீள்வது. இரண்டாவது, புறப்படும் ஊரும் சேரும் ஊரும் நிச்சயம். இடைப்பட்ட வழி மட்டும் அன்றைய பதிவுகளைப் பொறுத்தது. மூன்றாவது, வழியே வகுக்காமல், அழைப்பு வந்த வீட்டுக்குச் சென்று ஆட்களை ஏற்றி, அவரவர் இடத்தில் இறக்குவது. நெகிழ்வு கூடக்கூடச் செலவும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் கிராமங்களுக்கு முதல் இரண்டு வகைகளே பெரும்பாலும் பொருந்துவன.

ஒரு கணக்கைக் கொண்டு இதைத் தெளிவாக்குவோம். சந்தை ஊர் ஒன்றிலிருந்து மற்றோர் ஊருக்கு 20 கிலோமீட்டர் நீளமுள்ள பிரதான சாலை செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் அதை 40 நிமிஷத்தில் கடக்கும். சாலைக்கு இருபுறமும், 2 கிலோமீட்டர் உள்ளடங்கி, ஐந்து குக்கிராமங்கள் இருக்கின்றன. ஒரு குக்கிராமத்துக்குள் சென்று மீள 4 கிலோமீட்டர். கிளைச் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 12 நிமிஷம். ஆட்கள் ஏற 2 நிமிஷம். ஆக 14 நிமிஷம். ஐந்து ஊர்களுக்கும் ஒவ்வொரு நடையிலும் சென்றால் 70 நிமிஷம் கூடும். 40 நிமிஷப் பிரயாணம் 110 நிமிஷமாக நீளும். பிரதான சாலையில் செல்வோர் அந்தப் பஸ்ஸையே கைவிட்டுவிடுவர்.

இப்போது விதியைச் சற்று மாற்றுவோம். ஒரு நடையில் இரண்டு குக்கிராமங்களுக்கு மட்டுமே செல்லலாம். அதுவும் முந்தைய நாள் மாலைக்குள் பதிவு செய்திருந்தால் மட்டுமே. சக்கர நாற்காலியில் வருபவர் ஏறுவதற்கு 2 நிமிஷம் போதாது. 5 நிமிஷம் வேண்டும். அதையும் சேர்த்தால் இரு ஊர்களுக்கும் 31 நிமிஷம் ஆகும். கால அட்டவணையில் 35 நிமிஷத்தை ஒதுக்கிவிட்டால், மொத்தப் பிரயாணம் 75 நிமிஷம். ஐந்து ஊர்களும் சேவைக்குள் வந்துவிட்டன. பிரதான சாலைப் பிரயாணிக்கும் தாமதம் தாங்கக்கூடிய அளவில் நின்றது. பதிவே இல்லாத நாளில் பஸ் முன்னதாகச் சென்றுவிடக் கூடாது. நடுவழியிலுள்ள நிறுத்தத்தில் குறித்த நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது ஊரிலிருந்து அழைப்பு வந்தால், அடுத்த நடையில்தான் இடம் உண்டு என்பதை அழைக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இக்கடைசி வாக்கியமே இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை. வழி நெகிழலாம், கொடுத்த வாக்கு நெகிழக் கூடாது. திடகாத்திரமான ஒருவர் பஸ் வராவிட்டால் நடக்கத் தொடங்கிவிடுவார். ரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் இரு முறை மருத்துவமனை செல்லும் முதியவர் ஒருவருக்கு அந்த வசதி இல்லை. வருவதாகச் சொன்ன வண்டி ஒரு முறை வராமற் போனாலும், அவர் மறுமுறை அதை நம்பிப் புறப்பட மாட்டார். திரும்பி வரும் வண்டிக்கும் இது பொருந்தும். போவதற்கு வழி செய்து, மீள்வதற்கு வழி செய்யாத திட்டம் பாதித் திட்டமன்று. அது திட்டமே அன்று.

பதிவு செய்யும் முறையிலும் கவனம் தேவை. கைப்பேசிச் செயலி ஒன்றை மட்டும் நம்பி ஏற்பாடு செய்தால், கண்பார்வை குறைந்தவரும், எழுத்தறியாதவரும், சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவரும் வெளியே நின்றுவிடுவர். தொலைபேசியில் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலோ, கிராமத்துக் கடை ஒன்றிலோ நேரில் சொல்லிப் பதிவதற்கும் வழி வேண்டும். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் புரியும். முதுமையில் மகனோடு இருக்கவென்று சூரத்துக்கோ புணேக்கோ வந்து சேர்ந்த தாய், தனக்குத் தெரியாத மொழியில் பதிவு செய்ய வேண்டியிருந்தால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார். பல மொழி வழங்கும் ஊர்களில், அழைப்பவர் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவரை அமர்த்துவதும் போக்குவரத்துத் திட்டத்தின் ஒரு பகுதியே.

இனி வண்டியைப் பார்ப்போம். மத்திய அரசின் நகரப் பஸ்களுக்கான தர வரையறையில் தள உயரம் மூன்று வகையாகக் குறிக்கப்பட்டது: 400, 650, 900 மில்லிமீட்டர். 900 என்பது ஏறக்குறைய மூன்று அடி. மூட்டுவலியுள்ள பாட்டியார் ஒருவர் மூன்றடி உயரத்துக்கு ஏறுவதென்றால், பின்னாலிருந்து ஒருவர் தாங்கவும் முன்னாலிருந்து ஒருவர் கை கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. நிறுத்தத்தில் 150 மில்லிமீட்டர் உயரமுள்ள மேடை ஒன்று கட்டி, 400 மில்லிமீட்டர் தளமுள்ள வண்டி அதை ஒட்டி நின்றால், எஞ்சும் உயரம் 250 மில்லிமீட்டர். ஒரு படிக்குச் சற்று மேல். சாய்தளப் பலகை ஒன்றை நீட்டினால், உதவியாளர் ஒருவர் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் ஓட்டுநர் மேடையை ஒட்டி நிறுத்தாமல் நடுச் சாலையில் நிறுத்துவாரானால் அந்த மேடையும் வீண். ஆகவே ஓட்டுநர், நடத்துநர் பயிற்சிக்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

கிராமத்துக் கிளைச் சாலைகளுக்குத் தாழ்தள வண்டி எப்போதும் ஏற்றதாக இராது என்பதும் உண்மையே. மேடும் பள்ளமுமான வழியில் அதன் அடிப்பாகம் இடிக்கும். அத்தகைய இடங்களில் பின்புறம் மின்தூக்கியோ மடிப்புச் சாய்தளமோ பொருத்திய சிற்றுந்து பொருந்தும்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, போக்குவரத்து அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று அரசுகளைப் பணிக்கிறது. முன்னுரிமை இருக்கைகள், பிடிகம்பிகள், கோல்களை வைக்க இடம், சக்கர நாற்காலியை ஏற்றிப் பூட்டி வைக்கும் வசதி ஆகியவற்றைப் பஸ்களுக்கு வகுத்த மோட்டார் வாகன விதித் திருத்தம் 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எட்டும் வசதி பற்றிய விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயத் தரங்கள் வகுக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். பிரிட்டனில் 1967 முதல் 2017 வரை, தபால் வண்டிகளே உட்புறக் கிராமங்களில் பிரயாணிகளையும் ஏற்றிச் சென்றன. எப்படியும் அவ்வழியே செல்லும் வண்டிக்கு இன்னொரு வேலையும் கொடுத்த எளிய யோசனை அது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கமான பஸ்ஸைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கு, அந்த வழியின் இருபுறமும் முக்கால் மைல் தூரத்துக்குள் தனி வண்டி அனுப்ப வேண்டும். கட்டணம் சாதாரணக் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2012-இல் குட்சுபிளஸ் என்னும் அழைப்புச் சிற்றுந்துச் சேவை தொடங்கியது. பிரயாணிகள் விரும்பினர், ஆயினும் 15 வண்டிகளைக் கொண்டு பரந்த பகுதியைச் சுற்றியபோது, ஒரே திசையில் செல்வோரைச் சேர்த்து ஏற்றுவது அரிதாயிற்று. மானியச் செலவைத் தாங்க இயலாமல் 2015 இறுதியில் சேவை நிறுத்தப்பட்டது. சிறு பரப்பில் தொடங்கு, வழியை ஓரளவு வகுத்துக்கொள், செலவை முதலிலேயே ஒப்புக்கொள் என்பதே அது கற்பிக்கும் பாடம்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஆஜீவிகா கிராமீண எக்ஸ்பிரஸ் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், வட்டியில்லாக் கடன் பெற்று, பஸ் வசதி குறைந்த வழிகளில் வாகனம் ஓட்ட ஏற்பாடாயிற்று. கேரளத்தில் 2022-இல் கிராமவண்டி தோன்றியது. பஸ்ஸும் ஊழியர்களும் பராமரிப்பும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. எரிபொருள் செலவு உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. எந்த வழியில், எந்நேரத்தில் செல்வது என்பதை அந்த மன்றமே தீர்மானிக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் முதல் வண்டி புறப்பட்டது. செலவில் பங்கு கொள்பவர்க்கு வழியைத் தீர்மானிப்பதிலும் பங்கு உண்டு என்பது இத்திட்டத்தின் சிறப்பு.

எனினும் ஒரு தடை நெடுங்காலமாக இருந்து வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் பிரயாணி வண்டிகளை இரு பெரும் வகையாகப் பிரிக்கிறது. ஸ்டேஜ் கேரியேஜ் தனித்தனிக் கட்டணம் வாங்கி வழியெங்கும் ஆட்களை ஏற்றி இறக்கலாம். பர்மிட்டில் குறித்த வழியில்தான் செல்ல வேண்டும். காண்ட்ராக்ட் கேரியேஜ் எவ்வழியும் செல்லலாம். இடைவழியில் ஆட்களை ஏற்றி இறக்கலாகாது. கூப்பிட்ட ஊருக்குச் சென்று தனித்தனியே கட்டணம் வாங்கும் நம் பஸ் இவ்விரண்டிலும் முழுதாக அடங்குவதில்லை. பல மாநிலங்களில் ஷேர் ஆட்டோக்களும் ஜீப்புகளும் சட்டத்தின் ஓரத்திலேயே ஓடி வருவதற்கு இது ஒரு காரணம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 67-ஆம் பிரிவில் புதியதோர் உட்பிரிவைச் சேர்த்தது. அதன்படி கிராமப் போக்குவரத்துக்காகவும், கடைசித் தொலைவு இணைப்புக்காகவும், மாநில அரசு பர்மிட்டுகளை மாற்றியமைக்கலாம். தனித் திட்டம் வகுத்து உரிமம் வழங்கலாம். ஆகவே இனிச் சட்டத்தைக் காரணமாகச் சொல்லி வாளாவிருக்க இயலாது.

முடிவாக, செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய பஸ் டிக்கெட் பணத்தால் மட்டும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. குடிநீர்க் குழாயையும் ஆரம்பப் பள்ளியையும் நாம் லாபக் கணக்கால் அளப்பதில்லை. மருத்துவரைப் பார்க்க முடியாமல் தள்ளிப்போட்ட நோய்க்கும், பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கும், வாங்கப்படாத பென்ஷனுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை இப்போது தனித்தனிக் குடும்பங்கள் வெளியே தெரியாமல் செலுத்தி வருகின்றன.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, கிராம சபை கூடும் நாளை விசாரித்து அறிந்துகொள்வோம். வாரத்தில் எந்த நாட்களில், எந்த நேரத்தில், யார் யார் எங்கே செல்ல வேண்டியிருக்கிறது என்று தெருத்தெருவாகக் கேட்டு ஒரு பட்டியல் எழுதச் சொல்வோம். நடக்க இயலாமல் வீட்டுக்குள் இருப்பவர்களின் பெயர்கள் அதில் முதலில் வரட்டும். அவர்கள் சபைக்கு வர மாட்டார்கள். வருவதற்கு வண்டி இல்லாததுதான் காரணம். அவர்களிடம் நாம்தான் சென்று கேட்க வேண்டும். நாம் வாழும் ஊரின் வார்டுக் கூட்டத்திலும் இதையே செய்யலாம். நல்ல பஸ் திட்டம் ஒவ்வொன்றும் அத்தகைய பட்டியல் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.