திரும்பிப் போகும் குர்த்தாவுக்குக் காசு கொடுப்பது யார்?

தீபாவளிக்குக் குர்த்தா வாங்க வேண்டும். ‘எம்’ பொருந்துமா, ‘எல்’ பொருந்துமா என்று தெரியவில்லை. இரண்டையும் கைப்பேசியிலேயே வாங்கி, சேராததைத் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். திருப்பி அனுப்புவது இலவசம் என்றுதானே போட்டிருக்கிறது! மாணவர்களே, நானும் அப்படிச் செய்தவன்தான். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

விற்பவர் கிள்ளானில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து புக்கிட் ரம்பாய் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் 300. யாரும் உடுத்தாத ஒரு சட்டைக்காக இவ்வளவு தூரம் லாரி ஓடுகிறது.

கூரியர் நிறுவனங்கள் பார்சலை நிறுத்துப் பார்ப்பதோடு விடுவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வரும் விடையைக் கிலோகிராமாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பஞ்சு மூட்டைகளை ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், எடையோ ஏறாது. இடத்துக்கும் காசு வாங்க வேண்டுமல்லவா?

குர்த்தாவின் எடை 300 கிராம். விற்பவர் அழகாக மடித்து அனுப்பிய பொட்டலம் 30 × 25 × 4. அதன் கணக்கு எடை 0.6 கிலோ. நீங்கள் அவசரத்தில் சுருட்டித் திணித்ததால் உயரம் 10 ஆகிறது. இப்போது 1.5 கிலோ! துணி அதேதான், உள்ளே கூடியது காற்று.

இனி காசுக் கணக்கு. எண்கள் என் கற்பனை. கணக்கு முறை உண்மை. எல்லாச் செலவும் போக ஒரு குர்த்தாவில் லாபம் 10 ரிங்கிட். திரும்பி வந்தால் அனுப்பிய செலவு 5, திரும்பும் செலவு 6, பிரித்துச் சோதித்து மறுபடி மடித்துப் புதுப்பையில் போட 3, ஆக 14 ரிங்கிட் நட்டம். பத்தில் இரண்டு திரும்பினால் கையில் 52 ரிங்கிட் நிற்கும். நான்கு திரும்பினால் 4 ரிங்கிட்தான். ஐந்து திரும்பினால் 20 ரிங்கிட் கைநட்டம். தீபாவளி முடிந்து வந்து சேரும் குர்த்தாவை விலை குறைத்துத்தான் விற்க முடியும். அதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பாதி திரும்புவது நடக்காத கதை என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் சலாண்டோ நிறுவனத்துக்கு ஏறக்குறைய அப்படித்தான் திரும்பி வருகிறது. ஸாரா நிறுவனம் 2022-இல் பிரிட்டனில், அஞ்சலில் திரும்பும் துணிக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து விற்கும் ஓர் அக்காவுக்கு விலையைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. எதையும் திருப்பி அனுப்பாத உங்கள் நண்பரும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார்.

துணி திரும்புவதற்குப் பெரிய காரணம் அளவு. ‘எம்’ என்பது எழுத்து, அளவை அலகு அன்று. கடைக்குக் கடை மாறும். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்தச் சென்டிமீட்டரை விற்பவரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியல் உடம்பின் அளவைச் சொல்கிறதா, துணியின் அளவையா என்பதையும் பாருங்கள். நான் ஏமாந்தது அங்கேதான்.