உங்களுக்குத் தெரியுமா? டயரைத் தின்னும் மில்லிமீட்டர்கள்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, வடசென்னை சக்கரத்தை நம்பிப் பிழைக்கும் ஊர். லாரியோ டிரெய்லரோ பேட்டரி வண்டியோ, முன்சக்கரம் சரியாக நின்றால்தான் டயரும் நிலைக்கும், ஓட்டுகிறவரின் உயிருக்கும் காவல். அந்த வீல் அலைன்மென்ட் பற்றிச் சில தகவல்கள்.

நேராகத் தெரியும், நேராக இருக்காது
பெரும்பாலான வண்டிகளின் முன்சக்கரங்கள் நிற்கும்போது முழுக்க நேராக இருப்பதில்லை. இரண்டின் முன்விளிம்பும் ஒன்றையொன்று நோக்கி ஒரு துளி உள்வாங்கியிருக்கும். இதுதான் 'டோ-இன்'. பின்சக்கரம் தள்ளி ஓடும் வண்டியில், சாலையின் உராய்வு முன்சக்கரங்களை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். அந்த விரிவுக்கு ஈடாகத்தான் முன்கூட்டியே இந்த உள்வாங்கல்.

கிலோமீட்டருக்கு 5 மீட்டர்
லாரி டயரின் விட்டம் ஏறக்குறைய 1 மீட்டர். டோ-இன் தேவைக்கு மேல் 10 மி.மீ. கூடிவிட்டால், ஒவ்வொரு முன்சக்கரமும் 5 மி.மீ. கோணலாக நிற்கிறது என்று பொருள். அப்படியே 1 கி.மீ. ஓடினால், ஒவ்வொரு டயரையும் 5 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு தேய்த்த கணக்கு. 3,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது அது 15 கி.மீ. ஆகிவிடும்! 'டயரைத் தின்னுது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

உள்ளங்கையே மீட்டர்
வண்டியை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு, பட்டன்களின் (டிரெட்) மேல் குறுக்காகக் கையைத் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழவழப்பும், உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம் போன்ற கூர்மையும் தெரிந்தால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் சக்கரங்கள் முன்னால் விரிந்திருக்கின்றன. கம்பி வெளியே தெரியும் டயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பலூனிலிருந்து டயருக்கு
எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது. 1952-ல், தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கியது. 1961-ல் திருவொற்றியூரிலேயே டயர் உருவானது. சீராகத் தேய்ந்த டயருக்குத்தான் ரீட்ரெடிங் செய்து மறுவாழ்வு தர முடியும். அலைன்மென்ட் கெட்டு, ஒரு பக்கம் நூல் தெரியத் தேய்ந்த டயர் அந்த வாய்ப்பை இழந்துவிடும்.

சென்ட்ரலில் ஓடும் கோல்ஃப் வண்டி
சென்னை சென்ட்ரலில் முதியோரை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார், வண்டலூர் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காட்டும் பேட்டரி வண்டி எல்லாமே கோல்ஃப் மைதான வண்டியின் உறவுக்காரர்கள்தான். இவற்றில் பல மாடல்களில் நாம் திருத்தக்கூடியது டோ மட்டுமே. முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கேம்பர் அளவு தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தப்பட்டிருக்கும்.

சாக்பீஸும் டேப்பும் போதும்
சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை நேராக்குங்கள். இரு முன் டயர்களிலும் நடுப் பட்டனில், அச்சு உயரத்தில், முன்பக்கம் சாக்பீஸால் குறியிட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு, குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை மெல்ல முன்னோக்கித் தள்ளி மறுபடி அளந்து பாருங்கள். முன் அளவு பின் அளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி வண்டிகளில் இந்த வித்தியாசம் பொதுவாகச் சில மில்லிமீட்டர்தான். உங்கள் மாடலின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது.

எந்தப் பக்கம் திருகுவது?
இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதை நீட்டும்போது டோ-இன் கூடும். அச்சுக்கு முன்னால் இருந்தால், நீட்டும்போது டோ-இன் குறையும். இரண்டு டை ராடு உள்ள வண்டியில் இரண்டையும் சம அளவு திருக வேண்டும். இல்லையென்றால் வண்டி நேராக ஓடும்போதும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். முடித்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். கடல் காற்று படும் ஊரில் மரையில் துரு ஏறும், கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த முறை சுலபமாகக் கழலும்.

ஜாக்கி போட்டு அளக்காதீர்கள்
சக்கரம் தொங்கும்போது சஸ்பென்ஷன் கீழே இறங்கும், அளவும் மாறிவிடும். சக்கரம் தரையில் நிற்க வேண்டும், காற்று எல்லா டயரிலும் சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்கிறவர்கள் உண்டு.

திரும்பும்போது இரண்டும் ஒன்றல்ல
வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. முன், பின் அச்சுகளுக்கிடையே 1.65 மீட்டரும், முன்சக்கரங்களுக்கிடையே 0.9 மீட்டரும் உள்ள சிறு வண்டி, பின் அச்சின் நடுப்புள்ளி 3 மீட்டர் ஆரத்தில் ஓடும்படி திரும்பினால், உள்சக்கரம் சுமார் 33 பாகை, வெளிச்சக்கரம் சுமார் 26 பாகை திரும்ப வேண்டும். இரு சக்கரங்களையும் இப்படி வெவ்வேறு கோணத்தில் திருப்பும் அமைப்பைக் குதிரை வண்டிக்காக உருவாக்கியவர் மியூனிக் நகரின் லாங்கன்ஸ்பெர்கர். 1818-ல் இங்கிலாந்தில் அவர் சார்பாகக் காப்புரிமை பெற்றவர் லண்டன் பதிப்பாளர் ஆக்கர்மன். பெயர் நிலைத்தது ஆக்கர்மனுக்கே!

முன்னால் இரண்டு அச்சு
1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்த எண்ணூர் நிறுவனம், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இன்று சாலையில் நாம் பார்க்கும் கனரக லாரிகள் சிலவற்றில் முன்னால் இரண்டு அச்சும் திரும்பும். அவற்றில் முதல் அச்சு அதிகமாகவும் இரண்டாவது அச்சு குறைவாகவும் திரும்ப வேண்டும். அந்த விகிதம் பிசகினால் நான்கு டயரும் சேர்ந்து தேயும்.

பின்னாலும் பாருங்கள்
கன்டெய்னர் டிரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்கியபடி ஓடினால், குற்றம் ஸ்டியரிங்கில் இல்லாமலும் போகலாம். டிரெய்லரை முன்வண்டியோடு கோக்கும் கிங் பின்னிலிருந்து டிரெய்லர் அச்சின் இடது, வலது முனைகளுக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் அச்சு கோணலாகிவிட்டது. குறுகிய சாலையில் பக்கத்தில் பைக் ஓட்டி வருகிறவருக்கு அந்த ஒதுங்கல் பெரிய ஆபத்து.

90 பாகை திரும்பும் சக்கரம்
துறைமுக யார்டில் கன்டெய்னர்களை அடுக்கும் ரப்பர் டயர் கிரேன், ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குப் போக அரைவட்டம் அடிப்பதில்லை. நின்ற இடத்திலேயே சக்கரங்களை 90 பாகை திருப்பி, பக்கவாட்டில் நகரும்.

ஸ்டியரிங் இல்லாத தேர்
திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசிப் பெருவிழாவின்போது தேரோட்டம் நடக்கும். தேர்ச் சக்கரம் நேராக மட்டுமே உருளும். சக்கரத்தின் முன் சரியான கோணத்தில் முட்டுக்கட்டை கொடுத்துத்தான் அதன் போக்கை மாற்றுகிறார்கள். சக்கரத்துக்கு அருகிலேயே நின்று, வடத்தின் இழுவைக்கு ஏற்பக் கட்டையை வைத்து எடுக்கும் அந்தக் கைகளுக்கு அசாத்தியத் துணிவு வேண்டும்.

தானே நேராகும் ரயில்
ராயபுரத்தில் 1856-ல் திறக்கப்பட்டது தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பு, பொதுவாக 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். வளைவில் சக்கரங்கள் வெளிப்பக்கம் நகரும்போது, வெளிச்சக்கரம் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருள, ரயில் தானாகத் திரும்பிவிடும்.

புல்லட்டுக்கும் உண்டு
1955 முதல் சென்னையோடு பிணைந்தது என்ஃபீல்ட் புல்லட். அதன் திருவொற்றியூர் ஆலை புகழ்பெற்றது. செயினை இறுக்கும்போது, பின்சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களைச் சம எண்ணிக்கை வெட்டுகளுக்கு நகர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் சக்கரம் கோணலாகி, செயினும் டயரும் சேர்ந்தே தேயும்.

முதலில் எதைப் பார்ப்பது?
டை ராடு முனை, முன்சக்கரம் திரும்பும் கிங் பின், புஷ், பேரிங் இவற்றில் ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் ஒரு நாள்கூடத் தங்காது. ஆட்டத்தை நீக்கிவிட்டு அளவெடுங்கள். பள்ளத்தில் பலமாக இறங்கினாலோ, நடைபாதைக் கல்லில் மோதினாலோ, புது டயர் போட்டாலோ உடனே சோதியுங்கள். வண்டி முதலாளிகள் இந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. 'வண்டி இழுக்குது' என்று டிரைவர் சொன்னால் அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள். இரவு முழுக்க ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது அவருடைய தோள்கள்தான்.